எது மலிவோ அங்கே

இலை வாடும்வரை இரவில் எங்களுக்கு வேலையில்லை,
எனக்கும் பாய்லர் நஞ்சனுக்கும்.
தொட்டிகளுக்கு அடியில் விசிறிகள் உறுமிக்கொண்டிருக்கும்.
எங்கள் ஃபேக்டரியில் சிக்னல் வருவது
எடைமேடை மேல் ஏறி நின்றால் மட்டும்.
ஏறி நிற்கிறேன்.
தராசு எழுபத்தொன்று காட்டுகிறது.
போன் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது காட்டுகிறது:
கோவை – ஐதராபாத், செவ்வாய், காலை ஆறு பத்து.

அங்கே யார் இருக்கா, என்றான் நஞ்சன்.
யாருமில்லை.
நேற்று கோவா மலிவு, முந்தாநாள் சென்னை.
ஐம்பத்திரண்டு வயதில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்,
எங்கே இறங்கினால் என்ன.

பச்சை இலைக்கு விலை மாதம் ஒருமுறை மாறும்,
பெரும்பாலும் கீழே.
இது மணிக்கு மணி ஏறி இறங்குகிறது.
உத்துப் பார்க்காதே, அதுக்குத் தெரிஞ்சுடும், என்பான் நஞ்சன்.
சந்தையில் பிடித்த எருமையை விட்டுவிட்டு
பக்கத்து எருமையை விலை கேட்பதுபோல
நானும் பெங்களூரைத் தட்டிப் பார்ப்பேன்,
அகமதாபாத்தைத் தட்டிப் பார்ப்பேன்,
பிறகு சட்டென்று திரும்பினால்
இரண்டாயிரத்து நூறு.

மூன்று வாரம் இப்படி.
ஒரு வியாழன் ராத்திரி ஆயிரத்து அறுநூற்றுக்கு வந்தபோது
நஞ்சன்தான் கத்தினான், அமுக்குடா.
அமுக்கினேன்.
வசதிக் கட்டணம் முந்நூற்று ஐம்பது என்றது,
யாருடைய வசதி என்று போடவில்லை.
ஜன்னல் வேண்டுமா, முந்நூறு.
வேண்டாம்.
கால் நீட்ட வேண்டுமா, எழுநூறு.
முப்பது வருஷமாக நீட்டவில்லை, வேண்டாம்.

அரவேணு ஸ்டாண்டில் பிரின்ஸ் டாக்ஸிக்குக் கேட்டது
மூவாயிரத்து இருநூறு.
மேகத்தைத் தாண்ட ஆவதைவிட
மலை இறங்க அதிகம்.
முந்தின சாயங்காலமே பஸ் ஏறினேன்.

கிளம்பும்போது சௌந்தரி பையில் திணித்தாள்
ஒரு கிலோ டஸ்ட் டீ.
ஆளே தெரியாத ஊருக்கு எதற்கு என்றேன்.
ஆள் இல்லாத ஊரா, என்றாள்.

குஞ்சப்பனையில் பலா பழுத்திருந்தது.
யானை ரோட்டை விட்டு நகர நாற்பது நிமிடம்.
விளக்கணைத்த பஸ்ஸுக்குள்
கண்டக்டர் கூட மெல்லத்தான் தும்மினார்.

விமான நிலையத்தில் ராத்திரி.
நாற்காலிகளுக்கு நடுவே நடுவே கைப்பிடி,
யாரும் படுத்துவிடக் கூடாதென்று.
விடிகாலையில் பையை நிறுத்தார்கள்: ஆறு இருநூறு.
ஏழுக்குள்தான்.
மழை இலைக்கு நான் ஈரம் கழிப்பேன்,
கிலோவுக்கு நூறு கிராம்.
இங்கே மழையில் நனைந்து வந்த பைக்கு
ஒரு கிராமும் கழிக்கவில்லை.

எனக்கும் நஞ்சனுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது.
ஆறு இருபதுக்கு அவன் நாலு கட்டை கூடுதலாகப் போடுவான்,
புகைபோக்கியிலிருந்து கறுப்பாக எழும்பும்.
இடது பக்கம் பார், என்றிருந்தான்.

எனக்கு வாய்த்தது நடு இருக்கை.
ஜன்னலோரம் ஒருவர், வாய் திறந்து தூக்கம்.
ஓடி, உதறி, எழும்பி,
என் காது இரண்டும் அடைத்துக்கொண்டபோது
அவர் தோளைத் தொட்டேன்.
கொஞ்சம் பாருங்க, மலை தெரியுதா?
பார்த்தார்.
புகை மாதிரி ஏதாவது?
எல்லாமே புகைதான் சார், என்று சொல்லிவிட்டு
மூடியைக் கீழே இழுத்தார்.

இறங்கும்போது டீயை அவரிடம் கொடுத்தேன்.
எவ்வளவு, என்றார்.
விலை சொல்லத் தெரிந்த எனக்கு
அப்போது வாய் வரவில்லை.

திரும்பி வர டிக்கெட் ஐயாயிரத்து நூறு.
அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.
ரயிலில் பொதுப் பெட்டி,
கழிவறைக் கதவோரம், ஒரு பகலும் ஒரு இரவும்.

புதன் போய் வியாழன் வந்தது. தொட்டிகளில் இலை.
நஞ்சன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.
நாலு இல்லை, ஆறு கட்டை போட்டேன், என்றான்.
மேனேஜர் திட்டினான்.
தெரிஞ்சுதா?

தெரிஞ்சுது, என்றேன்.

எந்தப் பக்கம் சாஞ்சுது,
என்று கேட்டவன்
பதிலுக்கு நிற்காமல் போய்
அடுப்புக் கதவைத் திறந்தான்.