வியாழக்கிழமைக்கான விடுப்பு

செப்டம்பரில் ஒரு ஊகத்தில் கேட்டது.
அப்போது ஓலு நகரில் கடல் இன்னும் நீராகவே இருந்தது.

முதல் விடுப்பை ஸென்னியின் காதுவலி தின்றது.
மறுபடி கேட்டேன்.
பள்ளியில் குழாய் வெடித்து இரண்டு நாள் லீவு;
தலைமையாசிரியை மன்னிப்புக் கேட்டிருந்தார்,
குழாய் கேட்கவில்லை.

இன்று கடல் கெட்டிப்பட்டுவிட்டது.
மேலே பனி விழாத கண்ணாடிக் கறுப்பு.
வருஷத்தில் நாலு நாள் இப்படிக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பேருந்து நிறுத்தத்தில்
தோளில் சறுக்குக் காலணி கனக்க நிற்கையில்
போன் அதிர்கிறது:
வெய்க்கோ வாந்தி எடுத்துவிட்டான்,
கணக்கு நோட்டின் மேலேயே.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.
வாளி, துணி, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர்.
அவன் நெற்றியில் கை வைத்தால்
கோபம் எங்கோ போய்விடுகிறது,
ஜன்னல் பக்கம் திரும்பினால்
அங்கே நிற்கிறது.

மூன்று மணிக்கே இருட்டு.
தூங்கிவிட்டான் என்று நினைத்து
வாசல் ரப்பர் மிதியடிமேல்
காலணியை மாட்டி, நாடாவை இறுக்கி,
சும்மா எழுந்து நின்றேன்.

கதவோரம் போர்வையோடு வெய்க்கோ:
"அம்மா, ஏன் இவ்வளவு உயரமா இருக்கே?"

கொஞ்ச நேரத்துக்குத்தான், என்றேன்.