எஃப் வரிசை

ஞாயிறு மாலைக் காட்சி.
கோட்டைச் சுவரை விட்டு வெயில் இன்னும் இறங்கவில்லை.
லாட்ஜ் சாவிகளை மச்சானிடம் கொடுத்துவிட்டு
மகளோடு வந்திருக்கிறேன், மூன்றாம் முறை.
அவளுக்கு வசனம் மனப்பாடம்.
எனக்குப் பாப்கார்ன் விலை.

படம் இவ்வளவுதான்:
ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம்.
அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள்.
யாரும் யாரையும் கட்டிப்பிடிக்க முடியாது.
மூக்கு நுனியால் மூக்கு நுனியைத் தொட்டுக்கொள்வார்கள்,
அதோடு சரி.

கடைக்குட்டி திரையில் தலைகாட்டியதும்
பால்கனியிலிருந்து ஒரு குரல்:
"எலவம்பாடி கத்திரிக்காடா இது!"
கூடம் அதிர்கிறது.
போன வாரமும் அதே குரல், அதே இடம்.
ஆளைப் பார்த்ததில்லை.
அவனுக்கு இது எத்தனையாவது தடவையோ.

பிறகு வெள்ளம்.
இரு கரையும் தளும்பத் தளும்ப ஒரு ஆறு.
"இத்த அப்டியே பாலாத்துல திருப்பி வுடுங்கப்பா"
என்கிறாள் பின் வரிசையில் ஒருத்தி.
பாதிதான் விளையாட்டு அந்தக் குரலில்.
விசில் பறக்கிறது,
தண்ணீருக்கா, அவளுக்கா, தெரியவில்லை.

இடைவேளை வெளிச்சத்தில்தான் கவனித்தேன்.
எங்களுக்கு முன்னால், எஃப் வரிசையில்,
ஏழாம் அறைக்காரர்கள்.
பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறார்கள்:
நிமாய் மண்டல், மனைவி, மகன் வயது ஒன்பது.
ஊர் மால்டா. வந்த காரணம் ஆஸ்பத்திரி.
தங்கும் நாட்கள் என்ற கட்டம் காலி.
பையனுக்கு முகக்கவசம், காதுவரை இழுத்த குல்லா.
நாற்பது நாளில் எங்களுக்குள் புழங்கிய தமிழ்
மூன்று சொல்:
தண்ணி, கரண்ட், நாளைக்கு.

விளக்கு அணைந்தபின்
படத்தை விட்டு அவன் தலையையே பார்த்தேன்.
எங்களுக்கு முன்பே சிரிக்கிறான்.
கால் வழுக்கியதைக் கண்டதும் சிரிக்கிறான்.
நாங்களோ, அப்பா முள்ளம்பன்றி
அதற்கொரு வசனம் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறோம்.
அரை நொடிதான்.
அந்த அரை நொடியில்
மொத்தக் கூடமும் அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பயத்தில் கடைக்குட்டிக்கு முள்ளெல்லாம் உதிரும் இடம்
வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.
கைப்பேசியை எடுத்தேன். மணி பார்த்தேன். வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.
வயலின் ஆரம்பித்தது.
அறுநூறு பேரின் மூச்சு நின்ற அமைதியில்
ஒற்றைச் சிரிப்பு.
அவன்தான்.

வெறும் முதுகோடு அந்தப் பிராணி
உரித்த பலாக்கொட்டை மாதிரிதான் நின்றது.
சிரிப்பு வரும்தான்.
அம்மா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்,
அடுத்து அவளுக்கே அடக்க முடியவில்லை.
அப்புறம் என் மகள். அப்புறம் பால்கனி.
மூன்று முறை பார்த்ததில் அந்த இடத்தில்
யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.
வயலின் மட்டும்
தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது.

முள் திரும்ப முளைக்கும், கோணல்மாணலாக.
அதற்குக் கைதட்டல்.
பெயர்கள் ஓடத் தொடங்கியும் யாரும் எழவில்லை.
தண்ணீரை வரைந்தவர்கள் மட்டும் அறுபது பேராம்,
மகள் எழுத்துக்கூட்டி எண்ணுகிறாள்.
ஏகாம்பரம் டார்ச்சை ஆட்டுகிறார்:
"கெளம்புங்கப்பா, அடுத்த ஷோவுக்கு ஆளு நிக்குது."

திங்கள், காலை ஐந்தரை.
ரத்தப் பரிசோதனைக்கு வரிசை பிடிக்கும் நேரம்.
ஏழாம் நம்பர் சாவி மேசைமேல் விழுந்தது.
அப்பா படியிறங்கிவிட்டார்.
பையன் நின்றான்,
குல்லாவைக் கழற்றி
மொட்டைத் தலையை என் பக்கம் குனிந்து காட்டினான்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை,
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"கத்திரிக்கா."

முகக்கவசத்துக்குள் அதை ஒருமுறை உருட்டிப் பார்த்தான்.
"கொத்திரிக்கா" என்றான்.

நாலாவது சொல்.