பச்சைச் சதுரம்

முஹர்ரக்கில் நாங்கள் பதினோரு பேர் கிடந்த வீட்டுக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்
நூற்றிருபது வயதாகிவிட்டது.

முந்தைய நாள்வரை அது
கட்டிலுக்குப் பன்னிரண்டு தினார்,
தண்ணீர் தனி.
மழை பெய்தால் கூரையின் ஈச்சம்பாயிலிருந்து
மண் உதிர்ந்து சோற்றில் விழும்.
தவசிமுத்து அதை ரசப்பொடி என்பான்.

கதவில் ஒட்டிப்போன தாளில்
முத்து வணிகர் ஒருவரின் பெயர் இருந்தது.
பாதுகாக்கப்பட்டது என்றிருந்தது.
முப்பது நாளில் காலி செய்க என்றும் இருந்தது.
மூன்றையும் படித்துச் சொன்னவன் மூலைக்கடை மலையாளி.
யாரிடமிருந்து பாதுகாக்கிறார்களாம் என்றேன்.
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
சிகரெட் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டான்.

ஆறு மாதம் கழித்து
அந்த வேலை என் கம்பெனிக்கே கிடைத்தது.
ஹெல்மெட் மாட்டி உள்ளே போனேன்.
வாசலில் பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன்.
ஃபோர்மேன் சிரித்தான்.

ஓர்லா என்கிற அயர்லாந்துக்காரி
ஆபரேஷன் கத்தி ஒன்றைக் கையில் தந்து
சுவரைச் சுரண்டச் சொன்னாள்,
தோல் தோலாக, அவசரமில்லாமல்.
அவள் ஊரிலும் ஒரு சந்தைக் கட்டடமாம்:
கீழே உருளைக்கிழங்கு, மேலே நீதிமன்றம்,
அப்புறம் சினிமா, அப்புறம் மெத்தைக் கடை.
மெத்தைக் கடையின் போர்டை
வைப்பதா எடுப்பதா என்று ஊர் இரண்டுபட்டதில்
அவள் அப்பாவும் சித்தப்பாவும்
இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.
போர்டு இப்போது யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகையில்.

மேலே எங்கள் பச்சை.
ஒரு பெருநாள் விடுமுறையில் நாங்களே அடித்தது,
ஏதோ கிளினிக்கில் மீந்த இரண்டு டப்பா.
அதன் கீழே ஒரு நீலம், யாருடையதோ.
நீலத்தின் கீழ் சிமெண்ட்.
சிமெண்டைத் தட்டியெடுத்தால்
விரல்பட்டால் தூளாகும் பழைய ஜிப்சம்,
அதில் செதுக்கிய ஒரு பூ.
பூவின் பின்னால் பவளக்கல்.
கல்லுக்குள் ஒரு சிப்பி,
எல்லோருக்கும் முன்னால் குடிவந்து
ஒருநாளும் வாடகை தராதது.

அந்தப் பூ நாலு வருஷம்
என் தலைமாட்டில் இருந்திருக்கிறது.
அதன்மேல்தான் ஆணியடித்துச் சட்டை மாட்டியிருந்தேன்.
துளை சரியாக நடுவில்.
ஓர்லா டார்ச் அடித்து அளந்தாள்,
சேதம், பிற்காலம், என்று எழுதிக்கொண்டாள்.
நான் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லாவற்றிலும் ஒரு மாதிரி விடச் சொன்னாள்:
நிறத்துக்கு ஓர் உள்ளங்கை,
கதவோரம் ஒன்றன்மேல் ஒன்றாய்,
வருகிறவர்கள் பார்க்க.
நீலம் அங்கேயே இருந்தது, வெள்ளை இருந்தது.
பச்சைதான் அந்தக் கதவோரம் உரிந்துபோயிருந்தது.
நல்ல பச்சை எங்கே என்றாள்.
யோசிக்காமல் அடுப்பு இருந்த மூலையைக் காட்டினேன்.

அங்கே பென்சிலில் மெஸ் கணக்கு.
கேஸ், பால், பல்லாரி,
ரபீக் ராவுத்தர் பாக்கி,
எவ்வளவு என்பது
சதுரத்துக்கு வெளியே விழுந்தது.
இன்னும் நாலு விரல் தள்ளி வெட்டலாமா என்றேன்.
அளவு அளவுதான் என்றாள்,
கோபமில்லாமல்.
சதுரத்துக்கு வெளியே இருந்ததை
நான்தான் சுரண்டினேன்.

அன்றிரவு ராவுத்தருக்குப் போன் போட்டேன்.
ரிஃபாவில் இருக்கிறார், வேறு கட்டில்.
உங்கள் பாக்கியைக் கண்ணாடி போட்டு வைக்கப்போகிறார்கள் என்றேன்.
அதைத்தான் அந்த மாசமே கொடுத்துட்டேனே, என்றார்,
அடிக்காம விட்டது யாரு?

யார் என்று யோசித்துப் பார்த்தேன்.
கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

இப்போது சல்மாபாத் கேம்ப்.
சுவர் ஜிப்சம் போர்டு, வழவழப்பாக,
ஆணி நிற்காது.
அடிக்கக் கூடாது என்று ஐந்து மொழியில்
ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.
சட்டை கட்டில் கம்பியில் கிடக்கிறது.