வாய்வழி

ஏப்ரலில் சிக்ராவுக்கு வயது இருபத்தாறு நாள்.
மூச்சு விடும்போதெல்லாம்
நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கை இழுக்கிற சத்தம்.
இல்டிகோ டாக்டர் வெள்ளை மருந்தைக் குலுக்கி
ஊசியில்லாத குழலில் ஏற்றித் தந்தாள்.
கடைவாய் ஓரம், நாக்கின் மேலே,
அவசரப்படாமல்.

பாதியை என் சட்டைக்கை குடித்தது.

அதற்குப் பிறகுதான் கடினமான வேலை:
ஈரத் துணியால் குட்டியின் உதட்டைத் துடைப்பது.
தாய் நக்கிவிடக் கூடாது.
குட்டியைப் பிழைக்க வைக்கிற அதே துளி
தாயின் பெருங்குடலைப் புரட்டிப் போட்டுவிடும்.
முந்தின வருடம் அப்படி ஒருத்தியைப் புதைத்தோம்,
பால் கட்டிய மடியோடு.
ஆகவே ஒன்பது நாளும்
ஒரு முத்தத்துக்குக் குறுக்கே துணியோடு நின்றேன்.
டல்மா என் தோளைக் கடித்தாள்.
நியாயம்தான்.

பத்தாம் நாள் சாக்குச் சத்தம் இல்லை.

மே மாதம் சிக்ரா தாயின் சாணத்தைத் தின்றது.
நான் விரட்டப் போனேன். விடு என்றாள் டாக்டர்,
உள்ளே குடியேற்றம் நடக்கிறது.
கண்ணுக்குத் தெரியாத குடியானவர்கள்
கோடி கோடியாய் இறங்கிக்கொண்டிருந்தார்கள்,
புல்லை உழ.

செப்டம்பர். முள்கம்பி. பின்னங்கால்.
அதே மருந்து, எடைக்கேற்ற அளவு, அதே கடைவாய்.
இம்முறை ஒரு சொட்டும் சிந்தவில்லை.
ஆனாலும் ஐந்தாம் நாள்
காலில் கை வைத்தால் அடுப்பு.

மேலாளர் கெர்கெய் என்னை அல்ல,
மருந்து அலமாரியைப் பார்த்துப் பேசினார்:
"பாட்டில் காலியாகிறது, பாலிண்ட்.
குதிரைக்குள் போகிறதா என்றுதான் தெரியவில்லை."
பதினோரு வருடம் இந்த லாயத்தில் இருக்கிறேன்.
பதில் வாய் வரை வந்து திரும்பிப் போனது.

அன்றிரவு டாக்டர் தூங்கவில்லை.
மருந்தை அவளே கொடுத்தாள்.
கால் மணி, அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு என்று
கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தாள்.
நான் டார்ச் பிடித்தேன்.
ஹோர்டோபாஜ் சமவெளியில் காற்று
எதிலும் தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

டெப்ரெட்சன் ஆய்வகத்துக் காகிதம் வெள்ளிக்கிழமை வந்தது.
நூறு பங்கு கொடுத்ததில்
ரத்தத்தைத் தொட்டது பதினைந்து.
ஒரு மாதக் குட்டியாய் இருந்தபோது
ஏறக்குறைய முழுவதையும் வாங்கியிருக்கும் என்றாள்.
யாரும் திருடவில்லை.
வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
வெள்ளையாய் எது வந்தாலும் உள்ளே விட்ட குடல்
இப்போது புல்லின் குடல்.
மிச்சம் எண்பத்தைந்தும் வைக்கோலோடு போய்விட்டது,
நான்தான் மண்வெட்டியால் அள்ளியிருக்கிறேன்.

அன்றே ஊசிக்கு மாற்றினாள்.
கால் தழும்போடு ஆறியது.

கெர்கெய் மன்னிப்புக் கேட்கவில்லை.
தீவனப் பெட்டியின்மேல்
ஒரு குப்பி ஆப்ரிகாட் சாராயம் இருந்தது,
பெயரெழுதாமல்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
வாய்வழியாக எடுத்துக்கொண்டேன்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
நூறும் ஏறியது.