முப்பத்தோராம் நிமிடம்

பெயரை மாற்றியிருக்கிறேன். விதி அது.
மார்லிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஊரையும் கொஞ்சம் மாற்றியாயிற்று.
வட இண்டியானாவின் பிப்ரவரியை மட்டும் விட்டுவைத்தேன்,
அறுத்த சோளத்தட்டைகள் பனிக்கு மேலே
சவரம் செய்யாத மோவாய்போல் நீட்டிக்கொண்டிருக்க.

ஐம்பத்திரண்டு வயதில் மாடுகளை விற்றேன்,
நூற்றுப்பத்து ஹோல்ஸ்டீன்கள், ஒரே காலையில்.
கடன் போக மிஞ்சியது செமினரிக்குப் போனது:
ஆலோசனை உளவியல், முதுகலை, மாலை வகுப்பு.
சபையில் கை குலுக்கினார்கள்.
"வெர்லின், இது உனக்கு ஊழியம்."
ஊழியத்துக்குத் திட்டவிலக்கம் எதற்கு என்று
முதல் பருவம் முழுக்க விழித்தேன்.

இந்த வார வேலை:
ஐம்பது நிமிட ஒலிப்பதிவை
ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும்.
இருமலையும். 'ம்'மையும்.
மௌனத்தை நொடிக் கணக்கில், அடைப்புக்குறிக்குள்.

முப்பத்தோராம் நிமிடம்.

மார்லிஸ்: தொழுவத்துக்கு நான்தான் போனேன்.
ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.
(இரண்டு நொடி)
நான்: ஜெபிப்போமா?

அப்புறம் ஜெபம். பதினேழு வரி.
நல்ல ஜெபம் என்றுதான் அன்று நினைத்தேன்.
கண்ணீர் வந்தது, துருத்தி வந்தது,
சரியான இடத்தில் குரலும் உடைந்தது.

எழுதி முடித்து அந்த இரண்டு நொடிக்குத் திரும்பினேன்.
அங்கே ஏதோ இருந்தது.
ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

மூச்சு.
பேச வாயெடுத்தவள் உள்ளே இழுத்த மூச்சு.
அதன் மேல்தான்
"ஆண்டவரே" என்று காலை வைத்திருக்கிறேன்.

டாக்டர் ஓயெலாரன் என் மூத்த மகளைவிடச் சின்னவள்.
என் பயிற்சியை மேற்பார்க்கிறவள்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
ஜெபத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு
"இங்கே யாருக்குப் பயம்?" என்றாள்.
ஹீட்டர் டிக் டிக்கென்றது.
"எனக்கு."
"ம்."

அடுத்த வியாழன் மார்லிஸ் வரவில்லை.
எதிரே நாற்காலி. டிஷ்யூப் பெட்டி,
முயல்காதுபோல் ஒரு தாள் வெளியே.
ஐம்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தேன்.
தோட்டத்தில் ஒளிந்தவனிடம்
எங்கே இருக்கிறாய் என்று கேட்டவருக்கு
எந்த மரம் என்று தெரியாமலா இருந்தது?
தெரிந்தும் கேட்டார்.
கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை இருந்தார்.
நாற்பதாம் நிமிடத்தில் தோன்றியது இது.
குறித்துவைத்தேன். பிரசங்கம்போல் இருந்தது.
கசக்கிப் போட்டேன்.

அதற்கும் அடுத்த வியாழன் வந்தாள்,
பூட்ஸில் சாலை உப்போடு.
சாலைகளைப் பற்றிப் பேசினோம். தீவன விலை பேசினோம்.
பிறகு அதே தொழுவம். அதே ரேடியோ.
மூச்சை இழுத்தாள்.

கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்ததும்
கயிறு போட்டு இழுக்கத் துடிக்கும் கை.
பசு முக்கும்வரை பொறு என்பது
முப்பது வருடம் எனக்குத் தெரிந்த காரியம்தான்.
இந்த அறைக்குள் எப்படி மறந்தது?
இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து
அழுத்திக்கொண்டேன்.

(பதினெட்டு நொடி)

மார்லிஸ்: அவருடைய பிளாஸ்க்கில் காப்பி இன்னும் சூடாக இருந்தது.
அதைக் குடித்தேன்.
முழுக்கக் குடித்துவிட்டுத்தான்
ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

நான்: (எதுவுமில்லை)

வெளியே பனிவாரும் வண்டி போய்த் திரும்பியது.
அவள் டிஷ்யூ எடுக்கவில்லை.
உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்,
வேலை முடித்தவர்கள் துடைப்பதுபோல.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
அமர்வில் ஜெபம் இடம்பெற்றதா? ஆம், இல்லை.
ஆம் என்பதை வட்டமிட்டேன்.
எந்த நிமிடத்தில் என்று
டாக்டர் கட்டாயம் கேட்பாள்.