மூலை மேஜையில் சிக்னல் இல்லை

பிரஸ்ஸல்ஸின் நவம்பர் மழைக்குத்
திசை கிடையாது.
குடையை எந்தப் பக்கம் சாய்த்தாலும்
முழங்கால் நனையும்.
நனைந்த முழங்காலோடுதான் உள்ளே போனேன்.

சுழல்கதவு, பித்தளைக் கம்பிகள்,
கூரைவரை கண்ணாடி.
மேலங்கியை வாங்கிக்கொண்டு
ஒரு பெண் வில்லை தந்தாள்: நாற்பத்தொன்று.
என் பணப்பையில் இருந்தது
அதைவிட நான்கு யூரோதான் கூடுதல்.

கிஸ்லேன் புதிதாய் முடி வெட்டியிருந்தாள்.
வேண்டாமென்று சொன்ன ஒருவனைப் பற்றி
யோசித்துக்கொண்டே வெட்டிய மாதிரி இருந்தது.
யோரிஸ் மெனுவைக் கைநீட்டிப் பிடித்துப் படித்தான்.
கண்ணாடி போடமாட்டான், கர்வம்.
ஒதீல் ரொட்டிக்கூடையை
தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள்,
இருபது வருடமாக அப்படித்தான்.

நான் மெனுவை வலமிருந்து இடமாகப் படித்தேன்.
முதலில் விலை, பிறகு பெயர்.
"வெங்காய சூப் போதும், மதியம் நிறையச் சாப்பிட்டுவிட்டேன்."
மதியம் சாப்பிட்டது
அலுவலக இயந்திரத்தில் விழுந்த பிஸ்கட் பாக்கெட்.

பாஸ்தியன் கடைசியில் வந்தான்.
எல்லோரையும் முத்தமிட்டான்,
பரிசாரகரையும் விட்டிருக்கமாட்டான், அவர்தான் விலகிக்கொண்டார்.
உட்காருவதற்கு முன்பே
சிப்பி இரண்டு டஜன்,
விலை பார்க்காமல் ஒரு வெள்ளை ஒயின்.
"இன்று யாரும் பையைத் தொடக்கூடாது."

அப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
பரிசாரகரைத் திரும்பக் கூப்பிட்டேன்.
சூப்போடு மாட்டிறைச்சியும் வேண்டும் என்றேன்.
மிளகுச் சாறோடு.
கொஞ்சம் இரத்தம் தெரிய.

நன்றாக இருந்தது.
பனிக்கட்டிமேல் சிப்பிகள்
கடலை இன்னும் மறக்காமல் நடுங்கின.
யோரிஸ் தன் முதலாளி மாதிரி தும்மிக்காட்டினான்.
ஒதீல் சிரித்ததில் ஒயின் மூக்கில் ஏறியது.
அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்து
தாங்களும் கொஞ்சம் சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள்.
பாஸ்தியன் மட்டும் சிப்பி ஒன்றையே
வெகுநேரம் முள்கரண்டியால் தடவிக்கொண்டிருந்தான்.
பார்த்தேன். கேட்கவில்லை.
வாயில் இறைச்சி இருந்தது.

பில் ஒரு சின்னத் தட்டில் குப்புறப் படுத்து வந்தது.
அட்டையைச் செருகினான்.
இயந்திரம் யோசித்தது.
இரண்டு முறை, தாழ்ந்த குரலில், இல்லை என்றது.
இன்னொரு அட்டை.
இல்லை.

கிஸ்லேன் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.
யோரிஸ், கண்ணாடி இல்லாமலே,
மறுபடி மெனுவைப் படித்தான்.

"மன்னிக்கவேண்டும், ஐயா," என்றார் பரிசாரகர்.
அறுபது வயதிருக்கும், சட்டைக் காலர் சற்றுத் தேய்ந்தது.
"இந்த மூலையில் சிக்னல் இருக்காது.
எப்போதும் இதே தொல்லை.
பார்ப் பக்கம் வருகிறீர்களா?"

இருவரும் போனார்கள்.
அந்த நொடியில் பக்கத்து மேஜையில்,
ஒரு கை தூரம்கூட இல்லை,
யாரோ அட்டையைத் தொட்டார்கள்.
கணீரென்று ஒரு மணிச்சத்தம்.
ஏற்றுக்கொண்டது.

நாலு பேருக்கும் கேட்டது.
ஒருவரும் திரும்பவில்லை.
ஒதீல் திடீரென்று
தன் பூனையின் சிறுநீரகத்தைப் பற்றி
தேவைக்கு மேல் உரக்கப் பேச ஆரம்பித்தாள்.
ஏதேதோ கேள்வி கேட்டோம்.
பூனைக்கு என்ன வயது, என்ன மருந்து.

கண்ணாடியில் பார் தெரிந்தது.
பாஸ்தியன் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை
ஒவ்வொன்றாக நீவி வைத்தான்.
போதவில்லை போலிருக்கிறது, கடிகாரத்தைத் தொட்டான்.
பரிசாரகர் தலையசைத்து மறுத்தார்.
ஏதோ ஒரு தாளில் ஏதோ எழுதினார்.
அதன்பின் ஏற்கெனவே பளபளத்த ஒரு கோப்பையை
மிகுந்த கவனத்தோடு துடைத்தார்,
அவன் முகம் சரியாகும்வரை.

வெளியே மழை அப்படியே.
டாக்ஸி வேண்டாம், நடந்தால் நல்லது என்றான்.
எங்களுக்கும் நடந்தால் நல்லதுதான் என்றோம்,
ஐந்து பேர், மூன்று குடை.
டிராம் நிறுத்தத்தில் யோரிஸ் சொன்னான்:
"அடுத்த முறை அந்த மூலை வேண்டாம்ப்பா.
சிக்னலே இல்லை."
பாஸ்தியன் அவனைப் பார்த்தான்.
பிறகு அன்று முதல்முறையாக
வாய்விட்டுச் சிரித்தான்.

என் நாற்பத்தைந்து யூரோ
மடிப்புக் கலையாமல் பையிலேயே.
கடைவாய்ப் பல்லிடுக்கில் இறைச்சி நார் ஒன்று.
வீடுவரை
நாக்கால் துழாவிக்கொண்டே போனேன்.
வரவில்லை.