கல் கணக்கு

கிலோவில் வளர்ந்தவள் நான்.
பார்ன்ஸ்லி சந்தையில் முதல் நாள்
ஒரு ஸ்டோன் உருளைக்கிழங்கு கேட்டவரிடம்
கல் விற்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.
மீன்கடை வரைக்கும் சிரிப்பு போய்த் திரும்பியது.

முதலாளி ட்ரெவர் ஓல்ராய்டு
காகிதப் பையில் எழுதிக் காட்டினார்:
பதினான்கு பவுண்டு, ஒரு கல்.
(பவுண்டு என்றால் காசும்தான்; அது வேறு குழப்பம்.)
முன்பெல்லாம் சரக்குக்கு ஒரு கல்லாம்.
கண்ணாடிக்கு ஐந்து பவுண்டு,
இறைச்சிக்கு எட்டு,
கம்பளிக்குப் பதினான்கு.
மனிதரை நிறுக்க
ஆட்டு ரோமத்தின் கல்லை எடுத்துக்கொண்டார்கள்.
ஏனென்று அவருக்கும் தெரியவில்லை.

பன்மை கிடையாது அதற்கு.
பத்தானாலும் ஸ்டோன்தான்.
எத்தனை சேர்ந்தாலும் ஒற்றையாய் நிற்கிற சொல்.
குழந்தையைப் பவுண்டில் சொல்கிறார்கள்,
வளர்ந்தவரைக் கல்லில்.
எந்தப் பிறந்தநாளில் கல்லாகிறார்கள் என்பது
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வியாழன் மாலை, மெத்தடிஸ்ட் கூடத்தில்
எடை குறைப்போர் கூடுவார்கள்.
க்ளெனிஸ் ஹர்ஸ்ட் என்னையும் இழுத்துப் போவாள்.
செருப்பைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி,
ஒருத்தி தோட்டையும் கழற்றிவிட்டு ஏறி
'அரைக்கல் தொலைத்தேன்' என்பாள்.
கைதட்டல். ஒரு வெள்ளி ஸ்டிக்கர்.
தொலைத்தேன் என்பதற்குக் கைதட்டுகிற இடத்தை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மார்ச்சில் க்ளெனிஸ் முழுக்கல் தொலைத்தாள்.
ஏப்ரலில் வருவது நின்றது.
அவள் வீட்டுக்காரர் கிளிஃபர்ட்
இரண்டு கல் தொலைத்திருந்தார்,
எந்தக் கூட்டத்துக்கும் போகாமல்.
ஆஸ்பத்திரி அட்டையில் அது கிலோவில் இருந்ததாம்.
பன்னிரண்டு புள்ளி ஏழு.
'வெறும் எண்ணாய்த் தெரிகிறது, போகுசியா.
எனக்கு உறைக்கவில்லை.'

சனிக்கிழமை, மழை.
வழக்கமான ஒரு கல்லை நிறுத்து நீட்டினேன்.
'இன்னொன்றும் கட்டு' என்றாள்.
இரண்டு பைகளையும் வாங்கி
மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.
படுதாவிலிருந்து சொட்டிய தண்ணீர்
அவள் தோளில் விழுந்துகொண்டே இருந்தது.
பின்னால் வரிசை. ஒருவர் இருமக்கூட இல்லை.
ட்ரெவர் தராசைத் துடைக்கிற சாக்கில்
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கை நடுங்கத் தொடங்கியதும்
இரண்டையும் பலகையில் இறக்கினாள்.
ஒரு கிழங்கு உருண்டு ஓடியது;
அவளே பிடித்துத் தந்தாள்.

'அரைக்கல் போதும். மாவுக் கிழங்காய்ப் பார்த்துப் போடு.
மசித்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்குகிறது.'